கூழாங்கல் கரையில் எங்கள் சம்பந்தி ஐயா

சம்பந்தி ஐயா அவர்களுக்கு முதலாண்டு நினைவு வருகிறது, மலர் அச்சடிக்கிறோம், நீங்களும் ஏதாவது எழுதுங்கள் அத்தை என்று மருமகன் சொன்னதும் நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கடிதம் எழுதினாலே நாலு வரிக்கு மேல் போகாது. ஆனால் சம்பந்தி அம்மா விடவில்லை. பின்னாலேயே வந்து குழாயை மூடிவிட்டு, "ஏனுங்க, அந்தக் கடல் சமாச்சாரத்த நீங்க எழுதலீன்னா வேற யாரு எழுதறது? நான் பாக்கல. என்ற பையனும் பாக்கல. கூட இருந்தது நீங்க ஒருத்தர்தானுங்க" என்றார்கள். அதனால் எழுதுகிறேன். நான் இந்த வீட்டு மருமகளைப் பெற்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரியாத காலத்தை, சம்பந்தி அம்மா சொன்னபடி, முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி ஐயா அவர்கள் பிறந்தது தாராபுரத்துப் பக்கம் ஒரு மானாவாரி ஊரில். சோளமும் கிணறும்தான் அங்கே. ஒன்பது வயதில் தகப்பனாரை இழந்து, மாமன் வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள். கணக்கு வாத்தியார் ஆனார்கள். பிறகு தலைமையாசிரியர். முப்பத்தைந்து வருஷ வேலையில் ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லையாம். மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பார்களாம், அதுவே போதுமாம். தம்பிமார் இருவரையும் படிக்க வைத்தார்கள். அமெரிக்கா வருவதற்கு முன் கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனபோது. அன்றைக்கும் பிள்ளைகள் தலையை எண்ணுவதிலேயே நேரம் போய்விட்டது, கடலை எங்கே பார்த்தார் என்று சம்பந்தி அம்மா சிரிப்பார்கள்.

நாங்கள் திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரை ஊர். வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். காலஞ்சென்ற என் வீட்டுக்காரர் தொழில் செய்தது கட்டுமரத்தில். என் மகள் படித்து, அமெரிக்கா போய், அங்கே அவர்கள் மகனைக் கண்டு, இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் சுத்த சைவ வீடு. சம்பந்தி ஐயா அவர்களுக்கு முதலில் மனவருத்தம் இருந்தது. கல்யாணத்துக்கு வரவில்லை. இதை எழுத வேண்டாம் என்று நான் நினைத்தேன். எழுதுங்கள், அப்போதுதான் பிறகு நடந்ததற்கு மதிப்பு என்று சம்பந்தி அம்மாவே சொன்னார்கள். பேரன் பிறந்ததும் கோபம் போய்விட்டது. மகளும் மருமகனும் எங்கள் எல்லாருக்கும் கிரீன் கார்டு வாங்கி, குபெர்டினோ வீட்டில் இரண்டு சம்பந்தி வீட்டாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்படி ஆனது.

சம்பந்தி ஐயா அவர்கள் எதிரில் நான் பேச மாட்டேன். எங்கள் பக்கம் அப்படித்தான். அதிலும் நான் பிறவியிலேயே கூச்சக்காரி. அவர்கள் ஹாலுக்கு வந்தால் நான் அறைக்குள் போவேன். காப்பி வேண்டுமா என்று கேட்க வேண்டுமானால்கூட சம்பந்தி அம்மாவிடம், "அங்க காப்பி வேணுமான்னு கேளுங்க" என்பேன். அவர்களும் என்னை நேரே பார்த்துப் பேசியதில்லை. "அவங்களுக்கு லெட்டர் வந்திருக்குது, குடுத்துரு" என்பார்கள். இருவருக்கும் நடுவில் நின்று நின்று சம்பந்தி அம்மா ஒரு நாள், "நான் என்ன தபால் ஆபீசா? ரெண்டு பேரும் அஞ்சடி தூரத்துல உக்காந்துக்கிட்டு என்னையப் போட்டு அலைக்கழிக்கறீங்க" என்று சத்தம் போட்டார்கள். அப்படியும் நாங்கள் திருந்தவில்லை.

நான் வந்து சேர்ந்த வருஷம், சம்பந்தி ஐயா அவர்கள் பக்கத்துத் தெருவில் பழைய சாமான் விற்ற ஒரு கராஜ் சேலில் இருந்து ஒரு தூண்டில் கோலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டில் எல்லாரும் திகைத்துப்போனோம்.

"அப்பா, இது எதுக்கு?" என்றார் மருமகன்.

"மீன் பிடிக்க."

"நீங்களா?"

"ஏன், கணக்கு வாத்தியார் புடிச்சா மீன் வராதா?"

"லைசென்ஸ் இல்லாம ஃபிஷிங் பண்ணா டிக்கெட் குடுத்து ஃபைன் போட்டுருவான்ப்பா."

உடனே லைசென்ஸ் எடுத்துவிட்டார்கள். அதைச் சட்டையில் தெரிகிற மாதிரி குத்திக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சில் குத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார்கள். "பரீட்சைக்குப் போற பையனாட்டமே இருக்கறீங்க" என்றார்கள் சம்பந்தி அம்மா.

சனிக்கிழமை காலையில் என் மகள் காரில் அழைத்துப் போவாள். 280-ஆம் நம்பர் ரோட்டில் போய், 92-ல் மலை ஏறி இறங்கினால் கடல். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் அந்தக் கரை. நான் நினைத்தது மணல். இறங்கிப் பார்த்தால் மணலே இல்லை. முட்டை அளவில், எலுமிச்சம்பழ அளவில் கூழாங்கல்தான். அதுவும் கூரையைச் சாய்த்து வைத்த மாதிரி செங்குத்தாக இறங்குகிறது. ஓரடி ஏறினால் அரையடி சறுக்கும். அலை வந்து அடித்துத் திரும்பும்போது அத்தனை கல்லும் சேர்ந்து உருண்டு கலகலவென்று சத்தம் போடும். கடற்கரையில் பிறந்த நானே அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை.

மகள் குழந்தையோடு காரில் இருப்பாள், காற்று அதிகம் என்று. சம்பந்தி அம்மாவும் நானும் மேட்டில் மடக்கு நாற்காலி போட்டு, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்போம். சம்பந்தி ஐயா அவர்கள் கீழே நிற்பார்கள்.

முதல் நாள் அவர்கள் கொண்டுவந்த இரை சப்பாத்தி மாவு. புழுவையோ இறாலையோ தொட மாட்டார்கள் அல்லவா? அந்த மாவில் பெருங்காயம் வேறு போட்டுப் பிசைந்திருந்தார்கள், வாசனைக்கு மீன் வரும் என்று. தூண்டில் முள்ளில் உருட்டி வைத்து வீசினால் மாவு ஒரு பக்கம் பறக்கும், முள் ஒரு பக்கம் போகும். காற்றில் வந்த ஒரு உருண்டை சம்பந்தி அம்மாவின் மடியில் விழுந்தது. "வீட்டுக்குப் போயி சுட்டுத் தாரனுங்க, நீங்களே சாப்பிடுங்க" என்றார்கள். எனக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மூன்று சனிக்கிழமை ஒன்றும் இல்லை. இதற்குள் இரை மட்டும் இறால் துண்டாக மாறியிருந்தது. அதையும் நான்தான் மேட்டிலேயே முள்ளில் கோர்த்துக் கொடுப்பேன், அவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கோலை நீட்டுவார்கள். தவறு எங்கே என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அவர்கள் உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் கூட்டி, அதோ அங்கே என்று தூரத்தில் வீசினார்கள். கல் கரையில் அப்படிச் செய்யக்கூடாது. கரை செங்குத்தாக இருந்தால் இரண்டே எட்டில் ஆழம் வந்துவிடும். அலை கல்லைப் புரட்டும்போது அதன் அடியில் இருக்கிற பூச்சி, நண்டு எல்லாம் வெளியே வரும். அதைத் தின்ன மீன் காலடிக்கே வந்து நிற்கும். இவர்களோ மீனின் தலைக்கு மேலே வீசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சம்பந்தி அம்மாவின் காதில் சொன்னேன். "மீன் அங்ஙன இல்ல. காலடியில கெடக்கு."

அவர்கள் கையை வாயில் குவித்துக்கொண்டு கத்தினார்கள். "ஏனுங்க! மீன் உங்க காலடியிலயே கெடக்குதாமா!"

"யாரு சொன்னது?"

"கடக்கரைல பொறந்தவங்க சொல்றாங்க!"

"புஸ்தகத்துல தூரமா வீசணும்னு போட்டிருக்குது!"

"புஸ்தகம் இதுவரைக்கும் எத்தன மீன் குடுத்துச்சு?"

 அடுத்த முறை கோலை லேசாக ஆட்டி, எச்சில் துப்புகிற தூரத்தில் இரையைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கோல் வளைந்தது. சம்பந்தி ஐயா அவர்கள் கோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே மேட்டில் ஏறினார்கள். "புடிச்சுட்டேன்! புடிச்சுட்டேன்! இப்ப என்ன பண்றது?" என்று கத்தினார்கள். மீன் கல்லில் துள்ளுகிறது. அவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி தள்ளி நின்று பார்க்கிறார்கள். நான் இறங்கிப் போய் முள்ளைக் கழற்றினேன். நம் ஊர்க் காரல் மீனைப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி, தட்டையாக, வெள்ளியாக இருந்தது. பெர்ச் என்று அங்கே சொல்கிறார்கள்.

அந்த மீனைப் பற்றி ஒரு அதிசயம். ஒரு நாள் வயிறு பருத்த மீன் ஒன்று வந்தது. முள்ளைக் கழற்றுகிறேன், என் கையிலேயே குட்டி போடுகிறது! முட்டை இல்லை, விரல்நக அளவில் உயிருள்ள மீன்கள். சுறா குட்டி போடும் என்று தெரியும். உள்ளங்கை அகல மீன் போடும் என்று எனக்கும் தெரியாது. வாளித் தண்ணீரில் விட்டேன். சம்பந்தி ஐயா அவர்கள் குனிந்து, விரலை நீட்டி, அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி ஒன்றுவிடாமல் எண்ணினார்கள். பிறகு சம்பந்தி அம்மாவைப் பார்த்து, "எல்லாத்தையும் தண்ணிக்குள்ளயே விட்டுரச் சொல்லு. தாயையும் சேர்த்து" என்றார்கள். அன்றிலிருந்து வயிறு பருத்த மீன் வந்தால் விட்டுவிடுவது வழக்கம் ஆனது.

மற்ற மீனை வீட்டுக்குக் கொண்டுவருவோம். வீட்டுச் சமையலறையில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. சம்பந்தி அம்மாவே கராஜில் ஒரு ஸ்டவ் வைத்து, தனிச் சட்டி, தனிக் கரண்டி வாங்கிக் கொடுத்தார்கள். நான் குழம்பு வைக்கும்போது மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு கராஜ் வாசலில் நின்று பேச்சுத் துணையாக இருப்பார்கள்.

அப்படி ஒரு நாள் நான் கேட்டேன். "அங்க எதுக்கு இந்த ஆசை வந்துச்சு? தின்னவும் மாட்டாவ, தொடவும் மாட்டாவ."

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார்கள். "உங்க பொண்ணு ஒரு நாள் போன்ல யாருகிட்டயோ சொல்லிட்டிருந்துச்சு. எங்கம்மா கடையில விக்கற ஐஸ் மீன தொடமாட்டேங்கறாங்க, மூணு மாசமா மோர் சோறுதான், எளச்சுப் போயிட்டாங்கன்னு. இவரு கேட்டுட்டாரு. அன்னைக்கு இவருக்கே சோறு எறங்கல. 'என்ற வீட்டுல ஒருத்தங்க நாக்கு செத்துப்போயி ஒக்காந்திருக்கறாங்க, நான் ரசஞ்சோறு சாப்பிட்டுக்கிட்டு இருக்கறேன்'னாரு. அடுத்த வாரமே தூண்டிலத் தூக்கியாந்துட்டாரு."

 குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு அதைத்தான் சாப்பிட்டேன், ஒரு பருக்கை விடாமல்.

அன்றிலிருந்துதான் எனக்குப் பயம் பிடித்தது. ஏனென்றால் சம்பந்தி ஐயா அவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். முப்பத்தைந்து வருஷம் கரும்பலகைக்கு முதுகு காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நின்ற உடம்பு. இரையைப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்தே ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். கடல் அது பாட்டுக்குப் பின்னால் இருக்கும். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு பலகை உண்டு, கடலுக்கு முதுகு காட்டாதே என்று இங்கிலீஷில். அதைச் சம்பந்தி அம்மாவுக்கு வாசித்து, தமிழில் அர்த்தமும் சொல்லிவிட்டு, கீழே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்.

செங்குத்தான கரையில் அலை ஆளைத் தள்ளாது, பின்வாங்கும்போது இழுக்கும். காலுக்குக் கீழே கல் உருண்டால் நிற்க முடியாது. இரண்டு எட்டில் ஆழம். எங்கள் ஊரில் நீந்தத் தெரிந்தவர்களே போயிருக்கிறார்கள். இவர்கள் கிணற்றில்கூட நீந்தியதில்லை. எனக்காகத்தான் அங்கே நிற்கிறார்கள். நான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

சம்பந்தி அம்மா மூலம் சொன்னேன். "பயப்படறாங்களாமா, தள்ளி நில்லுங்க" என்று கத்தினார்கள். "தள்ளித்தானே நிக்கறேன்" என்று, அதையும் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சொன்னார்கள். மகளிடம் சொன்னேன்.

"அம்மா, நீங்களே டைரக்டா மாமாகிட்ட சொல்லுங்க. கடலைப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும். இங்க யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

இங்கே யாரும் நினைக்க மாட்டார்கள். நான் நினைப்பேனே. காரில் போகும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஐயா, கடலுக்கு முதுகு காட்டாதீங்க. ஐயா, கடலுக்கு முதுகு காட்டாதீங்க. கார் நின்றதும் வாய் ஒட்டிக்கொள்ளும். இப்படி எத்தனையோ சனிக்கிழமை போயிற்று.

ஒரு சனிக்கிழமை சம்பந்தி அம்மாவுக்கு மூட்டுவலி, வரவில்லை. மகள் காரில் குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். கரையில் நாங்கள் இருவர்தான். நடுவில் பேச ஆள் இல்லை. மேட்டில் வாளிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கடல் அமைதியாகத்தான் இருந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. சம்பந்தி ஐயா அவர்கள் வழக்கத்தைவிட நாலு எட்டு கீழே இறங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, சிக்கிய நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அலை வாங்கியது. கல் உருளுகிற சத்தம் எப்போதும் ஒரு மூச்சு நேரம் இருக்கும், நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. உருண்டுகொண்டே இருந்தது. கடல் நிறைய வாங்குகிறது என்றால் அவ்வளவையும் திருப்பிக் கொண்டுவரும். நான் எழுந்துவிட்டேன். தூரத்தில் தண்ணீர் மேடாக எழும்புவது தெரிந்தது.

"ஏலே! மேல ஏறுலே!"

அது என் வாயில் இருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. எங்கள் ஊர்க் கரையில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம் அது. சம்பந்தி ஐயா அவர்கள் தலையைத் தூக்கினார்கள். ஆனால் ஏறவில்லை. கடலையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். என் குரலையே கேட்டறியாதவர்கள் அல்லவா, யார் இது கத்துவது என்று ஆச்சரியப்பட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். நான் வாய் திறக்காமல் இருந்த அத்தனை நாளும் சேர்ந்து அந்த ஒரு நொடியில் வந்து நின்றது.

அலை முதுகில் அடித்தது. குப்புற விழுந்தார்கள். கோல் போயிற்று. நான் செருப்பை உதறிவிட்டுக் கீழே ஓடினேன், ஓடினேன் என்பதைவிடச் சறுக்கினேன் என்பதுதான் சரி. தண்ணீர் இடுப்பு வரை வந்தது. அவர்கள் எழுந்து ஓடப் பார்க்கிறார்கள். வாங்குகிற நேரத்தில் எழுந்தால் போச்சு. ஜாக்கெட் கழுத்தைப் பின்னால் இருந்து இரண்டு கையாலும் பிடித்தேன்.

"உக்காருலே! எந்திரிக்காதே! குதிகால கல்லுக்குள்ள ஊன்று!"

உட்கார்ந்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து குதிகாலை ஊன்றிக்கொண்டேன். கல் எல்லாம் எங்களைத் தாண்டிக் கடலுக்குள் ஓடியது. நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினோம். சின்ன வயதில் கரமடி இழுத்த கை இது, கரையில் நின்று வலைக் கயிற்றை இழுத்த கை. விடவில்லை. இழுவை அடங்கியது.

"இப்ப ஏறு! ஓடு! திரும்பிப் பாக்காதே!"

நாலு காலில் ஏறினோம், இரண்டு பேரும். அடுத்த அலை எங்கள் காலை நக்கிவிட்டுத் திரும்பியது. மேட்டில் வந்து விழுந்தோம். அவர்களின் ஒரு ஷூவைக் காணோம், மூக்குக்கண்ணாடியைக் காணோம். லைசென்ஸ் மட்டும் நெஞ்சில் அப்படியே இருந்தது.

மூச்சு வந்ததும்தான் எனக்கு நான் செய்தது உறைத்தது. சம்பந்தி ஐயாவை 'லே' என்று கூப்பிட்டிருக்கிறேன். கழுத்தைப் பிடித்து இழுத்திருக்கிறேன். ஈரச் சேலையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். இனி இந்த வீட்டில் எப்படி இருப்பது, டிக்கெட் எடுத்து ஊருக்குப் போய்விட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பக்கத்தில் சத்தம் கேட்டது. சம்பந்தி ஐயா அவர்கள் நடுங்கிக்கொண்டே சிரிக்கிறார்கள்.

"ஏனுங்க சம்பந்தி" என்றார்கள். என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. "இத்தன பெரிய கொரல வெச்சுக்கிட்டு இத்தன நாளா எங்கீங்க போயிருந்தீங்க?"

நான் முகத்தை எடுக்கவில்லை. "மன்னிச்சிருங்க ஐயா. ஊர்ப்பழக்கம், வாயில வந்துட்டு."

"முப்பத்தஞ்சு வருசம் நான்தானுங்க உக்காரு, எந்திரின்னு சொல்லிட்டிருந்தேன். எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா ஷூவாச்சும் மிஞ்சியிருக்கும்."

மகள் காரில் இருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். வீட்டுக்குப் போனோம். சம்பந்தி அம்மா கதவைத் திறந்து, ஒற்றை ஷூவோடு நிற்கிறவர்களை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"என்னங்க இது? கடல்ல போட்டுட்டீங்களா?"

"ஷூவ மட்டுந்தான் அம்மிணி. என்னையச் சம்பந்தி திருப்பி வாங்கிட்டு வந்துட்டாங்க."

நடந்ததைக் கேட்டதும் சம்பந்தி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வெகுநேரம் விடவில்லை. மருமகன் கோபமாக, "இனிமே பீச் கிடையாது. ஸ்டாப் பண்ணிருங்கப்பா" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. சம்பந்தி ஐயா அவர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். எனக்கு என்ன தைரியமோ, கதவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்து, "நான் கூட நிப்பேன் தம்பி. நான் சொல்ற எடத்துல நின்னாத்தான் தூண்டில். இல்லன்னா இல்ல" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் மருமகன், "சரி அத்தை" என்றார்.

அதன்பிறகு நாலு வருஷம் அந்தக் கரையில் நான்தான் தலைமையாசிரியை. எங்கே நிற்க வேண்டும் என்று கல்லில் கோடு போட்டு வைப்பேன். அலை வாங்கும் சத்தத்தை எப்படிக் கேட்பது என்று சொன்னேன். அவர்கள் வாட்சைப் பார்த்து நொடியை எண்ணி நோட்டில் எழுதினார்கள். மீன் மாட்டினால் அலை தள்ளும்போது நூலைச் சுற்று, வாங்கும்போது விட்டுக்கொடு என்றேன். அதையும் எழுதினார்கள். எனக்கும் ஒரு லைசென்ஸ் வந்தது. கோலை நான் கையில் எடுத்தது அறுபது வயதுக்கு மேல். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் தூண்டில் பிடிப்பதில்லை. நான் பிடித்த முதல் மீனை அவர்கள் பார்த்துவிட்டு, "நூத்துக்கு நூறு" என்றார்கள். கோயிலில் யாரைப் பார்த்தாலும், "இவங்கதான் என்னைய லேன்னு கூப்பிட்டவங்க" என்று அறிமுகம் செய்துவைப்பார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். பழைய கூச்சம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

போன வருஷம் ஐயாவுக்கு இருதயம் சோர்ந்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபிறகு கஞ்சி இறங்கவில்லை. மகனும் மருமகளும் கெஞ்சுவார்கள். சம்பந்தி அம்மா கோபிப்பார்கள். ஐயா ஒன்றுக்கும் அசைய மாட்டார்கள். கடைசியில் என்னைக் கூப்பிடுவார்கள்.

"ஐயா, எந்திரிச்சு ரெண்டு வாய் குடிங்க" என்பேன்.

"இது பத்தாதுங்க சம்பந்தி. அன்னைக்குப் போட்டது போடுங்க."

"குடிலே!"

சிரித்துக்கொண்டே குடிப்பார்கள். வீட்டுக்கு வரும் நர்ஸ் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவளும் சிரிப்பாள்.

கடைசிச் சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "நீங்க போயிட்டு வாங்க. கடல் எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க" என்றார்கள். மகளோடு போனேன். திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னேன். காற்று எந்தப் பக்கம், அலை எப்படி வாங்கியது, எத்தனை தடவை இரையைத் தின்றுவிட்டுப் போயிற்று, வயிறு பருத்த ஒன்றை எப்படி விட்டேன், எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்கள். தூங்கிவிட்டார்கள் என்று நிறுத்தினால், "அப்புறமுங்க?" என்பார்கள். மறுபடி சொன்னேன். அவ்வளவு நேரம் நான் என் வீட்டுக்காரரிடம்கூடப் பேசியதில்லை. திங்கட்கிழமை விடியலில், சம்பந்தி அம்மா பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போய்விட்டார்கள்.

அந்த நாளில் இருந்து காரியம் முடியும் வரை தினம் ஒரு வீடாகச் சோறு கொண்டுவந்த பக்கத்துத் தெருக்காரர்களுக்கும், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மகளின் தோழிக்கும், டெக்ஸாஸில் இருந்து இரவும் பகலுமாகக் கார் ஓட்டி வந்த சம்பந்தி ஐயாவின் தம்பி மகனுக்கும், ஊரில் இருந்து காலிங் கார்டில் பேசி அழுத பழைய மாணவர்கள் எல்லாருக்கும் எங்கள் இரண்டு குடும்பமும் கடமைப்பட்டிருக்கிறது. கஞ்சிக் கிண்ணத்தோடு பொறுமையாக நின்ற அந்த நர்ஸ் பெண்ணுக்கு மிகவும் நன்றி. அவளுக்கு இதை யாராவது இங்கிலீஷில் வாசித்துக் காட்டுங்கள்.

இதை எழுதி முடித்ததும் சம்பந்தி அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் சிரித்தார்கள், ஒரு இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்தேன்.

"அப்புறமுங்க?" என்றார்கள்.

அப்புறம் என்ன, நாளைக்குச் சனிக்கிழமை. மூட்டுவலி இருந்தாலும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.